மருமகன் வாங்கவிருந்த பீட்டில்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தங்கையின் மகன் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஏறாவூருக்கு அப்பால் ஒரு பழைய வொக்ஸ்வாகன் பீட்டில் விலைக்கு வந்திருப்பதாகவும், அதைப் பார்க்கப் போவதற்கு நானும் கூட வரவேண்டும் என்றும் கேட்டான். மோட்டார் விடயத்தில் நான் மேதை அல்லன். ஆயினும் செய்தி சேகரிக்கப் போன வழிகளில் எல்லாம் நின்று நின்று ஓடிய ஒரு பீட்டிலை இருபத்திரண்டு வருடங்கள் வைத்திருந்தவன். அந்தக் காரின் மேலே இருந்த நேரத்திலும் பார்க்கக் கீழே படுத்திருந்த நேரம் அதிகம் என்று என் மனைவி சொல்வதுண்டு. அந்தத் தகுதி ஒன்றே என்னை அவனோடு கூட்டிச் சென்றது.

அவனுடைய நோக்கம் பீட்டிலை ஓட்டுவதன்று. அதன் உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, பைபர் கிளாஸினால் தானே ஒரு திறந்த உடலை வார்த்து அதன்மேல் பொருத்துவது. கடற்கரையில் ஓடும் 'பகி' வண்டி. கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவனுடைய தகப்பன் 2004 டிசம்பர் 26க்குப் பின்னர் நிவாரணமாக வந்து குவிந்த பைபர் படகுகளைத் திருத்திப் பிழைத்தவர். வந்தவற்றுள் தரமற்றவையும் இருந்தபடியால் திருத்துவதற்குக் குறைவில்லாமல் வேலை இருந்தது. மகன் அந்த ரெசின் வாடையிலேயே வளர்ந்தவன். அச்சு எடுப்பதும், நார் விரிப்பை அடுக்குக்கு அடுக்கு நனைத்துப் பதிப்பதும் அவனுக்குக் கைவந்த வேலை. கட்டாரில் நான்கு வருடம் நின்று சேர்த்த பணம் கொஞ்சம் கையில் உண்டு. பாசிக்குடாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவன் கணக்கு.

இந்த யோசனைக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது என்பதைப் போகும் வழியில் அவனுக்குச் சொன்னேன். கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் என்பவர் 1964இல் 'மேயர்ஸ் மேங்ஸ்' என்ற பகியை உருவாக்கினார். அவரும் பைபர் கிளாஸ் படகு கட்டியவரே. படகு வேலையில் கற்றதைத்தான் காருக்குக் கொண்டுவந்தார். பீட்டிலின் தரைச்சட்டத்தில் சுமார் 36 சென்ரிமீற்றரை வெட்டி எடுத்து, குறுக்கிய சட்டத்தின்மேல் தம் வார்ப்பை வைத்துப் பூட்டும் முறை அவருடையது. அதற்கு முன்னரே, 1957இல், இங்கிலாந்தில் லோட்டஸ் செவன் பாகங்களாகப் பெட்டியில் விற்கப்பட்டது. முழுக் காருக்கு இருந்த கொள்வனவு வரி பாகங்களுக்கு இல்லை என்பதால், வாங்கியவர்கள் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொண்டார்கள். 1973இல் பெறுமதிசேர் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. ஆசை மட்டும் போகவில்லை.

இவ்வகை வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு தாய்க்கார் வேண்டும். தன் உறுப்புகளைக் கொடுத்துவிட்டுத் தான் மறைந்துபோகும் கார் அது. அந்தத் தாய்க்காரை எப்படிப் பார்ப்பது என்பதில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்லவே இந்தப் பத்தி.

நாங்கள் போனபோது கார் முற்றத்தில் கழுவித் துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. செவ்வண்ணம், அகலமான அலோய் சில்லுகள், தாழ்த்திய முன்பக்கம், இரட்டைக் காபரேட்டர், குரோமியப் புகைக்குழாய். உரிமையாளர் நல்ல மனிதர். தேநீர் தந்தார். எஞ்சினை முடுக்கிக் காட்டி, அதற்கு எவ்வளவு செலவிட்டார் என்பதை ஒவ்வொன்றாகச் சொன்னார். "கேட்டுப் பாருங்களன் மாமா, சத்தம் எப்படி எண்டு" என்றான் மருமகன். சத்தம் நன்றாகவே இருந்தது. அவனுடைய முகத்தைப் பார்த்தபோது, மனத்துக்குள் அவன் ஏற்கெனவே கல்லடிப் பாலத்தில் அந்தக் காரை ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்பது விளங்கியது.

நான் அவனைத் தனியே அழைத்து ஒரு கேள்விதான் கேட்டேன். இந்தக் காரில் உன் வண்டிக்கு வந்து சேரப்போவது எது?

செவ்வண்ணம் வராது, அது உடலோடு போய்விடும். ஆசனங்கள் வரமாட்டா. கதவு, கண்ணாடி, மேற்கூரை எதுவும் வராது. தாழ்த்திய முன்பக்கம் மணலில் ஓடும் வண்டிக்கு நேர் எதிரான வேலை, அதை மீண்டும் உயர்த்தவேண்டும். எஞ்சின் வரும். ஆனால் பீட்டிலின் எஞ்சின் நான்கு பிணைப்புகளில் தொங்குவது. ஒரு ஜாக்கும் ஒரு பிற்பகலும் இருந்தால் கழற்றி வேறொன்றை மாட்டலாம். எனவே விற்பவர் விலையை உயர்த்தியதற்குக் காட்டிய காரணங்களில் பெரும்பாலானவை இவனுக்குக் குப்பை. இவன் உண்மையில் வாங்குவது மூன்றே பொருட்களை: தரைச்சட்டம், அதன் இருமுனையிலும் உள்ள அச்சுகள், அதில் பொறித்த இலக்கம். இந்த மூன்றைப் பற்றித் தேநீர் முடியும்வரை ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை.

தரைச்சட்டத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். பீட்டிலில் நடுவே ஒரு முதுகெலும்புக் குழாய் ஓடுகிறது. அதன் இரு பக்கமும் தகட்டுத் தரை. இதன்மேல் உடல் போல்ட்டுகளால் இறுக்கப்பட்டிருக்கும். மூடிய உருக்கு உடல் மேலே இறுகி இருக்கும்வரை அதுவும் தரையோடு சேர்ந்து பாரத்தைத் தாங்கும். அதனால் தரை அரைவாசி உக்கிய பீட்டில்கூட வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும், ஓட்டுபவருக்குத் தெரியாது. உடலைக் கழற்றி ஒரு மெல்லிய பைபர் தொட்டியை அவ்விடத்தில் வைத்த நாளில் இருந்து முழுப் பாரமும் தரைச்சட்டத்தின் தலையில். காராக ஓடியபோது பொறுத்துக்கொண்ட துரு, பகியாக மாறிய பின்னர் பொறுக்காது. சாதாரணமாகப் பழைய கார் வாங்குபவரின் கண்ணும், தாய்க்கார் தேடுபவரின் கண்ணும் ஒன்றாக இருக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

நமது பகுதியில் இது இன்னும் கடுமையான விடயம். ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளத்துக்கு உவர்நீர் வாவி, மறுபுறம் கடல், இடையில் ஒடுங்கிய எழுவான்கரை. இந்த மண்ணில் நிற்கும் இரும்புக்கு இரவிலும் ஓய்வில்லை. வடகீழ்ப் பருவமழையில் முற்றங்களில் நீர் நிற்கும். 2011 ஜனவரி வெள்ளத்தை மறந்தவர் இங்கில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடு முழுவதும் வெள்ளத்தைக் கொண்டுவந்தது. அந்த வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்கள் கழுவப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, மூழ்காத ஊர்களுக்கு விற்பனைக்கு வரும். இது எந்த வெள்ளத்துக்குப் பிறகும் நடப்பது. நன்னீரில் மூழ்கிய கார் ஒரு வகை. உவர்நீரில் ஓர் இரவு நின்ற காரின் குழாய்க்குள் உப்பு தங்கிவிடும், அது உள்ளிருந்தே தின்னும். கம்பளத்தின் அடியில் மட்டுமன்று, ஆசனத் தண்டவாளத்தின் இடுக்கிலும் இருக்கைப்பட்டியின் சுருள் பெட்டிக்குள்ளும் வண்டல் தேடவேண்டும். வெளியே கழுவுபவர் அங்கே கழுவுவதில்லை.

பின்னாசனத்தைத் தூக்கச் சொன்னேன். பீட்டிலின் பட்டரி அதன் அடியில்தான் இருக்கும். அமிலம் சிந்திச் சிந்தி முதலில் உக்கும் இடம் அதுவே. அங்கே தகடு புத்தம் புதிதாக இருந்தது. மருமகனுக்கு மகிழ்ச்சி. எனக்கு அச்சம். ஒரு காந்தத்தையும் திருப்புளியையும் நான் சட்டைப்பைக்குள் கொண்டுபோயிருந்தேன். உரிமையாளரிடம் அனுமதி கேட்டே கீழே படுத்தேன். எழுபதைத் தாண்டியவன் காருக்கடியில் புகுவதைப் பார்த்து அவர் பதறி ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். கீழிருந்து பார்த்தபோது கதை வேறு. பழைய உக்கிய தரையை வெட்டி அகற்றாமல், அதன்மேலேயே புதிய தகட்டை வைத்து அங்கங்கே வெல்டிங் பிடித்து, கீழே கறுப்புத் தார்ப்பூச்சு பூசியிருந்தது. இரண்டு தகடுகளுக்கும் இடையே ஈரம் நின்று தின்றுகொண்டிருக்கிறது. முன்பக்கத்தில், முன்னச்சுச் சட்டத்தின்மேல் உடல் வந்து அமரும் இடம் ஒன்று உண்டு. வளைந்த வடிவத்தால் மேல்நாட்டார் அதை நெப்போலியன் தொப்பி என்பார்கள். அங்கே காந்தம் ஒட்டவில்லை. இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் பட்டி இருந்தது.

இதனோடேயே நான் எழுந்து வந்திருப்பேன். ஆனால் மருமகன் தன் தொழிற்புத்தியைக் காட்டினான். படகின் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க நூல் பிடிப்பார்கள். அவன் அதுபோல் நூல் கேட்டு வாங்கி, முன் சில்லின் நடுவிலிருந்து பின் சில்லின் நடுவரை இரு பக்கமும் அளந்தான். பீட்டிலில் அந்தத் தூரம் 2400 மில்லிமீற்றர் இருக்கவேண்டும். இடது பக்கம் ஏறத்தாழச் சரி. வலது பக்கம் இரண்டு விரல் அளவு குறைந்தது. மூலைக்கு மூலை பிடித்தும் பார்த்தான். அவன் பேசவில்லை. மீண்டும் கீழே புகுந்து முதுகெலும்புக் குழாயின்மீது விரலை ஓட்டிக்கொண்டே போனவன் ஓரிடத்தில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டான். தார்ப்பூச்சின் கீழே, குழாயைச் சுற்றி ஒரு வெல்டிங் வரம்பு. எங்கோ மோதிய காரின் முன்பாதியை அறுத்தெறிந்து, இன்னொரு காரின் முன்பாதியை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள்.

உரிமையாளருக்கு இது தெரிந்திருக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர்தான். முகம் சுருங்கிப் போனது.

இங்கேதான் மூன்றாவது பொருளான இலக்கம் வருகிறது. பீட்டிலின் சேசி இலக்கம் பின்னாசனத்தின் அடியில் முதுகெலும்புக் குழாயிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இந்தக் காரில் அது புத்தகத்தோடு ஒத்தது. ஆனால் இலக்கம் பின்பாதிக்குரியது. முன்பாதி எந்தக் காருடையது, அந்தக் காரின் புத்தகம் யாரிடம் இருக்கிறது, அது எப்படி முடிந்தது என்பதற்கு எந்தப் பதிலும் இல்லை. எஞ்சின் இலக்கமோ புத்தகத்தோடு ஒத்துவரவே இல்லை. மாற்றியதை யாரும் பதியவில்லை. நம் நாட்டின் மோட்டார் போக்குவரத்துச் சட்டம் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம். எஞ்சினையோ உடலின் வகையையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவில் ஏற்றவேண்டும். வீட்டில் கட்டிய வண்டிக்குத் தனக்கென்று ஒரு பிறப்புப் பத்திரம் கிடையாது. தாய்க்காரின் பதிவிலேயே அது வாழவேண்டும். தாயின் பதிவே பொய்யென்றால் பிள்ளை வீதிக்கு வரும் முதல் விபத்திலேயே காப்புறுதிக்காரர் கையை விரித்துவிடுவார்.

பிரித்தானியாவில் நீண்டகாலம் வழக்கிலிருந்த ஒரு புள்ளிக் கணக்கை இவ்விடத்தில் நினைத்துக்கொள்கிறேன். உருமாற்றிய வண்டி பழைய இலக்கத்தை வைத்திருக்க எட்டுப் புள்ளிகள் பெறவேண்டும். மாற்றப்படாத மூலச் சேசிக்கு ஐந்து. தொங்கல் அமைப்பு, அச்சுகள், கியர்ப்பெட்டி, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. நம் விற்பனையாளர்கள் ஒரு மணிநேரம் புகழ்ந்து பேசிய பொருளுக்கு அந்தக் கணக்கில் ஒரு புள்ளி. சேசியை வெட்டினால் ஐந்தும் போய்விடும். பழைய காரைப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல தராசு எனக்குத் தெரியாது. எந்த நாட்டிலும் பயன்படும்.

நமது பகுதியில் புத்தகங்கள் குழம்பிக் கிடப்பதற்குக் குற்றவாளிகள் மட்டும் காரணம் அல்லர். 1990இல் ஓடினோம். 2004இல் கடல் வீட்டையும் பெட்டியையும் கொண்டுபோனது. 2006, 2007இல் வாகரையிலும் படுவான்கரையிலும் இருந்து சனம் கையில் கிடைத்ததோடு வெளியேறியது. உரிமை மாற்றாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு கைமாறிக் கைமாறி ஓடிய வாகனங்கள் எத்தனை. அதன்மேல், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் உக்கிய இரும்புக்கும் விலை ஏறியது. பழைய காரை உடைப்பவர்கள் குறைந்து, இரண்டை ஒன்றாக்குபவர்கள் கூடினார்கள். தனியார் காருக்கு வருடாவருடம் புகைப் பரிசோதனை உண்டு. புகைக்குழாயின் வாயைப் பார்க்கும் நாடு காரின் வயிற்றைப் பார்ப்பதில்லை. வீட்டில் வண்டி கட்ட விரும்புபவன் முதலில் ஒரு பொறியியலாளரிடம் தரைச்சட்டத்தைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் பெற்று, பிறகு உடலை வைக்கும் ஓர் எளிய நடைமுறை மாவட்ட மட்டத்தில் இருக்கவேண்டும் என்பது என் வாதம். தடை செய்வது சுலபம். தடை செய்தால் இதே வேலை இரவில் நடக்கும், தார்ப்பூச்சோடு.

இதைச் சொன்னால், நாங்கள் ஒட்டிப் பிழைத்த இனம் அல்லவா, மண்ணெண்ணெயில் காரோட்டியவர்கள் அல்லவா என்று சில நண்பர்கள் கோபிக்கிறார்கள். பொருளாதாரத் தடைக்காலத்தில், 1990களில், யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்டின்களும் மொரிஸ் மைனர்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடியதை நானும் வியந்து எழுதியவன். அந்த வியப்பு இன்றும் குறையவில்லை. ஆனால் அன்று மாற்றியவனும் ஓட்டியவனும் ஒருவனே. எங்கே என்ன செய்தோம் என்று அவனுக்குத் தெரியும். எரிபொருள் வந்ததும் பழையபடி மாற்றினான். தன் தேவைக்குச் செய்த ஒட்டும், மறைத்து அயலானுக்கு விற்கும் ஒட்டும் ஒரே கலை என்று சொல்வது அந்த யாழ்ப்பாணத்து மெக்கானிக்கை அவமதிப்பது. நம் கைக்கு ஒழுங்கான வேலை வராது என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயரும், நம் நாட்டவரான தனபால சமரசேகரவும் 1990களின் தொடக்கத்தில் கூட்டாக ஒரு தொழிற்சாலையை இங்கே அமைத்தார்கள். மொரிஸ் மைனரின் தகடுகள் இலங்கையில் அடிக்கப்பட்டு, அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே அனுப்பப்பட்டன. அச்சும் அளவும் வைத்துச் செய்த வேலை அது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சினைச் சத்தத்தால் அளக்காதீர்கள். அணைத்துவிட்டுக் கப்பியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். 0.15 மில்லிமீற்றருக்கு மேல் ஆட்டம் இருந்தால் உள்ளே பேரிங்குகள் தேய்ந்துவிட்டன. கையில் கொளுக்கென்று உணர்ந்தாலே அதற்கு மேல்தான். 1302, 1303 மாதிரிகளின் முன்பக்கம் வேறு அமைப்பு, பகி உடல்களுக்கு இலகுவில் பொருந்தாது. அகலச் சில்லு போட்டிருந்தால் உள்பக்கம் உராய்ந்த தடம் தேடுங்கள். மின்கம்பிகளில் ஒட்டுநாடா சுற்றிய இடங்களை எண்ணிப் பாருங்கள். இவை எல்லாம் திருத்தக்கூடியவை. எனவே பேரம் பேசலாம். தரையும் இலக்கமும் பேரத்துக்குரியவை அல்ல. மாற்றம் செய்யாத, ஓடாத, அழகற்ற பீட்டிலுக்கு அலங்கரித்ததைவிட அதிக விலை கொடுப்பேன் என்று நான் சொல்வதைக் கேட்டு மருமகன் முன்பு சிரித்திருக்கிறான்.

அன்று திரும்பும் வழியில் அவன் சிரிக்கவில்லை. உரிமையாளர் விலையைப் பாதியாகக் குறைக்கத் தயாராக இருந்தார். அதுதான் அவனை ஆட்டியது. தகட்டை வெட்டிப் புதிதாகப் போடலாம், குழாயை மறுபடி நேராக்கி ஒட்டலாம், தனக்கு வெல்டிங் தெரிந்த கூட்டாளி இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டே வந்தான். செய்யலாம்தான். செய்து முடித்தால் அவன் மூன்றாவது ஆளாக அந்தக் குழாயை அறுத்தவனாவான். முன்பாதியின் புத்தகம் அப்போதும் கிடைக்காது. "உன்ர படகு ஒண்டு நடுவில ரெண்டாய் ஒட்டினது எண்டா அதில கடலுக்குப் போவியா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. வாடகைக்கு எடுத்து ஓட்டப்போகிறவன் வேறு நாட்டிலிருந்து வந்த யாரோ ஒருவன் என்பதை நான் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் படுவான்கரையில் ஒரு வளவில், தென்னோலைக் கொட்டிலுக்குள் கோழிகள் அடைகிடக்கும் ஒரு பீட்டிலைக் கண்டுபிடித்தான். எஞ்சின் இறுகிப்போயிற்று. ஒரு சில்லு இல்லை. நாங்கள் போய்த் தரையைச் சுரண்டினோம். பட்டரி இருந்த இடத்தில் உள்ளங்கையளவு துளை, அவ்வளவுதான். நூல் இரு பக்கமும் ஒரே அளவு காட்டியது. குழாயில் வரம்பு இல்லை. இலக்கமும் புத்தகமும் ஒத்தன. உடலைத் தன் அளவுக்கே வார்க்கப் போகிறவன் என்பதால் மேயர்ஸைப் போலச் சட்டத்தைக் குறுக்கவேண்டாம், 2400ஐ அப்படியே விட்டு அதற்கேற்ற அச்சை எடு என்று சொன்னேன். ஒத்துக்கொண்டான்.

புத்தகம் காலமான ஓர் ஆசிரியரின் பெயரில் இருக்கிறது. அவருடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் கையொப்பமிட வேண்டும், ஒரு மகள் கனடாவில். அந்த அம்மா காசு வாங்க மறுத்துவிட்டார். முதலில் பெயரை மாற்றுவோம், பிறகு காசைப் பார்ப்போம் தம்பி என்றாராம். கனடாவிலிருந்து கடிதம் வரும்வரை கோழிகள் அங்கேயே இருக்கும்.

செவ்வண்ணப் பீட்டில் விற்றுப்போய்விட்டது. போன கிழமை அரசடிச் சந்தியில் அதைக் கண்டேன். ஓட்டியவர் வேறு ஆள்.